காப்பி மணக்காத வீடு

என் அக்கா லூயிசா காப்பியை விட்டது அறுபத்தொன்பதாம் வருஷம் விபூதிப் புதன் அன்று. அன்றைக்குச் சாந்தோமில் யாரைக் கேட்டாலும் எதையாவது விட்டிருப்பார்கள். தபசு காலம் நாற்பது நாளும் ஒருவர் கறி தொடமாட்டார், இன்னொருவர் சினிமா பக்கம் போகமாட்டார். எதிர்வீட்டு வில்லியம் மாமா மூக்குப்பொடியை விடுவார். பொடி போடாத எரிச்சலைத் தெருவில் போகிறவர்கள் மேல் காட்டுவார். பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் காலையில் பூசை முடிந்ததும் அவரவர் விட்டதை அவரவர் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் கோயில் பங்கில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தப் பாஸ்கு அன்று கோயிலிலிருந்து வந்ததும் நான் முதல் வேலையாகக் காப்பி கலந்து அக்காவிடம் நீட்டினேன். காப்பி குடிக்காமல் கண்ணே திறக்கமாட்டாள் அவள். நாற்பது நாளும் தலைவலியோடு எப்படித்தான் இருந்தாளோ. டம்ளரை வாங்கி, முகத்துக்கு நேரே வைத்து மோந்து பார்த்துவிட்டு, திருப்பி என் கையிலேயே கொடுத்தாள்.

"பரீட்சை முடியட்டும் நோரா. பாஸ் பண்ணிட்டுக் குடிக்கிறேன்."

பரீட்சை என்றால் பார் கவுன்சில் பரீட்சை. அப்போதெல்லாம் பி.எல். பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் யாரும் வக்கீல் ஆகிவிட முடியாது. ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் உட்கார்ந்து வேலை பழக வேண்டும். அதன் பிறகு இந்தப் பரீட்சையை எழுதித் தேறினால்தான் கறுப்பு அங்கி. அக்கா பட்டம் வாங்கியாகிவிட்டது. மயிலாப்பூரில் ராஜரத்தினம் வக்கீலிடம் வேலை பழகியும் ஆகிவிட்டது. பாக்கி இருந்தது பரீட்சை ஒன்றுதான், அதற்கும் இரண்டு மாதந்தான் இருந்தது. இரண்டு மாதம் காப்பி குடிக்காவிட்டால் குடியா முழுகிப் போகும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்பாதான் ஒருபடி மேலே போனார். அவள் எதிரில் நாம் உட்கார்ந்து உறிஞ்சினால் நன்றாகவா இருக்கும், அவள் பாஸ் பண்ணுகிற வரைக்கும் வீட்டில் காப்பியே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா பெயர் விக்டர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைப் பூசைக்குப் போகிற சாக்கில் கச்சேரி ரோடு ஓட்டலில் குடித்துவிட்டு வருவார். நான் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் அறையில் குடித்துக்கொண்டேன். அம்மா வைத்துவிட்டுப் போன பித்தளை ஃபில்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அக்கா அதைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போய் அதில் பென்சில்களைச் செருகி வைத்தாள்.

அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஹைகோர்ட்டில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைக் காட்டக் கூட்டிப்போனார். நான் விளக்கைப் பார்த்தேன், ஐஸ் வாங்கித் தின்றேன். அக்கா வழியில் ஒரு கோர்ட்டு ஹாலின் கதவோரம் நின்றவள் நின்றவள்தான். உள்ளே கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஜட்ஜு கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு பொம்பளை பேசறா, அத்தனை ஆம்பளைங்களும் வாயை மூடிக்கிட்டுக் கேக்கிறாங்க நோரா" என்று அன்று ராத்திரி படுக்கையில் சொன்னாள். எங்கள் வீட்டிலும் தெருவிலும் கோயிலிலும் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. நான் தூங்கிவிட்டேன். அவள் தூங்கினாளா தெரியாது.

பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பா குளிக்கும் அறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயின, பேச்சும் போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. ஆஸ்பத்திரியில் அக்காதான் கூட இருந்தாள். பரீட்சை நடந்த நாட்களில் அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

வீட்டு நிலைமைக்கு வேலை தேவைப்பட்டது. பாரிமுனையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தாள். வேறு எங்காவது கிடைத்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்ததுண்டு. அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் எதிரே ஹைகோர்ட்டின் சிவப்புக் கூம்புகள். காலையில் கறுப்பு அங்கிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக ரோட்டைக் கடந்து போவார்கள், சாயங்காலம் திரும்பி வருவார்கள். அவள் வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு நாலு பெண்கள் போனார்கள் என்பாள். மழை நாளில் அங்கியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள் என்பாள். ஆபீஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், ஆபீஸில் என்ன, அது ஆபீஸ் மாதிரி இருந்தது என்பாள்.

ஆனால் வருஷா வருஷம் படிக்க ஆரம்பிப்பாள். அந்த ஆரம்பத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டப் புத்தகங்களுக்குப் புதிதாகப் பழுப்பு அட்டை போடுவாள். பென்சில்களைச் சீவி ஃபில்டரில் நிறுத்துவாள். மேஜையைத் துடைப்பாள், சிலுவை போட்டுக்கொள்வாள், சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் பிரிவைத் திறந்து, இந்தச் சட்டத்துக்கு இன்ன பெயர் என்கிற இடத்திலிருந்து சத்தமாக வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் படித்தது போலக் கேள்வி பதிலாகத்தான் அவளுக்கு ஏறும். நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே புத்தகத்தைப் பலகையில் சாய்த்து வைத்துக் கேள்வி கேட்பேன். கடவுள் யார் என்று கேட்ட அதே குரலில், கோர்ட்டு டிக்ரி என்றால் என்ன என்று கேட்பேன். அவளும் கைகட்டி நின்று பதில் சொல்வாள். அந்த நேரத்தில் அவள் முகம் நன்றாக இருக்கும்.

கெட்டது எங்கே என்றால், எங்கள் அம்மா போட்டுவிட்டுப் போன ஒரு சட்டத்தில். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டிப் பாதியில் எழுந்து போனால், திரும்பி வந்து விட்ட மணியிலிருந்து தொடரக் கூடாது. முதல் மணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தச் சாமியாரும் இப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னாள், அவ்வளவுதான். அக்கா அந்தச் சட்டத்தை இந்தச் சட்டங்களுக்கும் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படிப்பு நின்றால், மறுபடி முதல் பிரிவு. ஆபீசில் வருஷ முடிவு வேலை வந்து பத்து நாள் போனால், மறுபடி முதல் பிரிவு. விட்ட இடத்திலிருந்து படியேன் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அப்படிப் படித்தால் அவளுக்கு மனசு ஒட்டாதாம்.

சிவில் புத்தகத்தில் அறுபதாவது பிரிவுதான் அவள் அதிகமாகப் போய்ச் சேர்ந்த இடம். கடன்பட்டவன் வீட்டில் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. அதைத் தாண்டுவதற்குள் ஏதாவது வந்துவிடும், பரீட்சைத் தேதியும் வந்துவிடும், பாதி படித்துவிட்டு எப்படிப் போய் உட்காருவது என்று அவள் போகமாட்டாள். அந்த நாட்களில் அப்பா கட்டிலில் இருந்தபடி அவளைப் பார்த்து, "பாஸா?" என்று கேட்பார். அவருக்குத் திரும்பி வந்த கொஞ்ச நஞ்சச் சொற்களில் அது ஒன்று. இன்னும் எழுதலைப்பா என்பாள். இரண்டு மூன்று வருஷம் கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் இருவரும் துணி எடுக்கத் தி. நகர் போனோம். சண்முகவேல் என்று திருநெல்வேலிக்காரர் ஒருவரின் கடை. என் புடவையை எடுத்து முடித்ததும் அக்கா கறுப்புத் துணி வேண்டும், நிறைய வேண்டும் என்றாள். சண்முகவேலுக்கு முகம் மாறிவிட்டது. பண்டிகை நாளில் கறுப்பு கேட்டால் அவர் சாவு வீடு என்றுதானே நினைப்பார், துட்டி வீடாம்மா என்று மெதுவாகக் கேட்டார். இல்லைங்க, இது வேறே என்று அக்கா சிரித்தாள். துணியைப் பிரித்துத் தோளில் போட்டுக் கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அந்துருண்டை போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். தையற்காரனிடம் கொடுக்கவில்லை. இடையிடையே பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்ப்பாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

எனக்கு அவளைப் பார்த்து எரிச்சல் வந்தது உண்மை. பொறாமையும் வந்தது. எனக்கு என் பள்ளிக்கூடம் போதும், மத்தியானம் ஒரு தூக்கம் போதும், மீன்குழம்பு வாய்த்துவிட்டால் அன்றைய நாள் திருநாள். ஒன்றுக்காக இப்படி வருஷக்கணக்கில் ஏங்குவதற்கு ஒரு மனசு வேண்டும். அந்த மனசைக் கடவுள் எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் வைத்தார்.

மீன் என்றதும் புஷ்பத்தைச் சொல்ல வேண்டும். நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வருகிறவள். என்னை டீச்சர் என்பாள், அக்காவை வக்கீலம்மா என்பாள். கிண்டல் இல்லை, தெருவில் எல்லாரும் அக்காவை வக்கீலுக்குப் படிக்கிற பொண்ணு என்று சொன்னதைக் கேட்டு, படித்தால் வக்கீல்தானே என்று அவளாக முடிவு செய்துகொண்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அக்கா அப்பா கட்டில் பக்கம் ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொள்வாள்.

புஷ்பத்தின் புருஷன் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டையில் வேறொருத்தியோடு குடித்தனம் பண்ணப் போய்விட்டான். அங்கே ஒரு பட்டறையில் நல்ல வேலை என்று கேள்வி. எழுபத்திரண்டில் ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அவனைக் கோர்ட்டுக்கு இழுத்துப் பிள்ளைகளுக்குச் சோறு வாங்க முடியுமா என்று அக்காவைக் கேட்டாள். ஏதோ பிரிவு இருப்பது அக்காவுக்குத் தெரியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது நானூற்று எண்பத்தெட்டாவது பிரிவு, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில். அவ்வளவு தூரம் அவள் போனதே இல்லை. படிச்சிட்டுச் சொல்றேன் புஷ்பம், கொஞ்சம் பொறு என்றாள். ராஜரத்தினம் ஐயாவிடம் போ என்றும் சொல்லிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆம்பளைங்க முன்னாடி இதையெல்லாம் பேச எனக்கு வாய் வராது, நீ படிச்சிட்டே சொல்லு என்று புஷ்பம் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அன்று ராத்திரி அக்கா அந்தக் குற்றவியல் புத்தகத்தை முதல் பிரிவிலிருந்து ஆரம்பித்தாள். எண்பதோ தொண்ணூறோ போனபோது அப்பாவுக்குச் சளி கட்டிக்கொண்டது.

எழுபத்திநாலு பிறந்த கையோடு சேதி வந்தது. சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பரீட்சையும் கிடையாது, ஒரு வருஷப் பழக்கமும் கிடையாது, பி.எல். இருந்தால் போதும், நேரே போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். பேப்பரைப் படித்ததும் நான் போட்ட சத்தத்தில் வில்லியம் மாமா வீட்டிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். எழுதாமலே பாஸ் பண்ணின ஆள் இந்தத் தெருவிலேயே லூயிசாதான் என்று மாமா சொன்னார். எனக்குக் காலும் ஓடவில்லை கையும் ஓடவில்லை. ஃபில்டரில் இருந்த பென்சில்களைக் கொட்டப் பொறுமை இல்லாமல் மாமா வீட்டிலிருந்தே ஒரு டம்ளர் காப்பி வாங்கி வந்து மேஜையில் வைத்தேன்.

அக்கா அதைத் தொடவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் கலைந்து போனார்கள்.

"நான் பாஸ் பண்ணலையே நோரா" என்றாள்.

"பரீட்சையே இல்லைங்கறான், நீ எப்படிப் பாஸ் பண்ணுவே?"

"அதான் சொல்றேன். இனிமே என்னால பாஸ் பண்ணவே முடியாது."

எனக்கு வந்த கோபத்தில், அவள் படித்த ஒப்பந்தச் சட்டத்தையே எடுத்துப் பேசினேன். செய்ய முடியாமல் போய்விட்ட காரியத்தைப் பற்றிய ஒப்பந்தம் செல்லாது என்று நீதானே ஒப்பித்தாய், ஆண்டவரோடு போட்ட ஒப்பந்தமும் அப்படித்தான், குடி என்றேன். அப்படியும் மனசு கேட்காவிட்டால் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னால் நேர்ச்சையிலிருந்து விடுவித்துவிடுவார் என்றேன். எழுதாத பரீட்சைக்குப் போய் என்ன மன்னிப்புக் கேட்பது என்றாள். காப்பி ஆறி ஆடை படிந்தது. அப்பா கட்டிலிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் அவர் பாஸா என்று கேட்கவில்லை.

ராஜரத்தினம் வக்கீல் சொல்லி அனுப்பினார், வந்து பதிவு செய்துகொண்டு என் ஆபீசிலேயே உட்கார் என்று. அவள் போகவில்லை. வக்கீலாகப் பதிவு செய்துகொண்டால் சம்பள வேலையை விட வேண்டும், அதுவும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், படிச்சிக்கிட்டிருக்கேன் என்று சொல்ல முடிந்தது. அந்தப் பரீட்சை அவளுக்கு எதிரே ஒரு சுவராக நின்றது என்று நினைத்தேன். அவள் அதில் சாய்ந்துகொண்டும் இருந்திருக்கிறாள். சுவரை எடுத்ததும் தடுமாறிப் போனாள்.

ஏப்ரல் மாதம் குற்றவியல் நடைமுறைச் சட்டமே புதிதாக வந்தது. பழைய புத்தகத்தின் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அக்கா புதுப் புத்தகம் வாங்கி வந்து, பழுப்பு அட்டை போட்டு, பென்சில் சீவி, சிலுவை போட்டுக்கொண்டு முதல் பிரிவை வாசிக்க ஆரம்பித்தாள். பரீட்சையே இல்லாத படிப்பு. நான் கேள்வி கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகைதான் வந்தது. கிடைத்ததை எடுத்துக்கொள்ளத் தெரியாமல் ஒரு மனுஷி இப்படி ஏங்கிக்கொண்டே இருப்பாளா என்று இருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் வாசிப்பு நடுவில் நின்றது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நூற்று இருபத்தைந்தாவது பிரிவு. போதுமான வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காத புருஷனிடமிருந்து மாதா மாதம் ஜீவனாம்சம் வாங்கித் தரும் பிரிவு. நானூற்று எண்பத்தெட்டாகக் கடைசியில் கிடந்ததை இந்தத் தடவை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், அவள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்.

மறுநாள் காலையில் புஷ்பத்துக்காக அவளே வாசலில் போய்க் காத்துக்கொண்டிருந்தாள். பிரிவைப் பற்றி எல்லாம் சொன்னாள், எழும்பூர் கோர்ட்டில் மனுப் போடலாம் என்றாள், ராஜரத்தினம் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அவர் நல்ல மனுஷர் என்றாள். புஷ்பம் எல்லாவற்றையும் நின்று கேட்டாள்.

"நீ வர மாட்டியா?"

"நான் இன்னும் வக்கீல் இல்லை புஷ்பம். படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

புஷ்பம் கோபப்படவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிச் சும்மாட்டைச் சரி செய்துகொண்டே சொன்னாள்.

"நீ படிச்சிக்கினே கீறே வக்கீலம்மா. என் புள்ளைங்க வளந்துகினே கீது."

அவள் தெருமுனை திரும்பும் வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ஆபீசுக்குப் போனாள், வந்தாள், அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டினாள். மேஜைக்குப் போய் நூற்று இருபத்தைந்தில் திறந்து கிடந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பாதியில் மூடினால் மறுபடி முதலிலிருந்துதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வேலையை விடுவதாக ஆபீசுக்கு எழுத ஆரம்பித்தாள். அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு அவள் முதல் பக்கத்திலிருந்து திறக்கவே இல்லை.

கறுப்புத் துணி பெட்டியிலிருந்து வெளியே வந்தது. மடிப்புக் கோடுகளில் லேசாக வெளுத்திருந்தது. லஸ் பக்கத்தில் தனபாலன் என்கிற தையற்காரர் அந்தக் கோடுகள் உள்பக்கம் போகும்படி தைத்துக் கொடுத்தார். அந்துருண்டை வாசனை மட்டும் போகவில்லை. மழைக்காலத்தில் அவள் உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்துகொண்டாள். அன்றைக்கும் நான் காப்பி என்று வாயைத் திறந்தேன். இன்னும் இல்லை என்று கையைக் காட்டிவிட்டாள். சரி, இது இவளோடு கல்லறை வரைக்கும் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

புஷ்பத்தின் மனு எழும்பூரில் ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பின் பெஞ்சில் புஷ்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்திருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து, மனுதாரருக்காக ஆஜராகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ ராத்திரி கண்ணாடி முன்னால் அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாஜிஸ்திரேட் காகிதத்தைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவிக்குத்தான் இந்தப் பிரிவு, உங்கள் கட்சிக்காரர் மீன் வியாபாரம் செய்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எப்படி என்று கேட்டார்.

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் என் முன்னால் நிற்கிற மாதிரியே நின்றாள். கூடை மீன் விற்று அவளுக்கு வருவது அவள் பிழைக்கப் போதுமா என்பதைச் சாட்சியத்தில் காட்டுகிறோம் என்றாள். பிறகு, "மனுவில் இரண்டு குழந்தைகளுக்கும் கேட்டிருக்கிறோம். குழந்தைகள் மீன் விற்கவில்லை, யுவர் ஆனர்" என்றாள்.

அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு புருஷனுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி வாய்தா போட்டார். அவ்வளவுதான். காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

வெளியே வந்ததும் புஷ்பம், இன்னா சொன்னாரு, ஜெயிச்சிட்டமா என்று கேட்டாள். இல்லை, இப்போதுதான் ஆரம்பிச்சிருக்கு, அவனுக்குக் கடுதாசி போகும், அடுத்த தடவை அவன் வந்து நிற்க வேண்டும் என்று அக்கா விளக்கினாள். அவன் வந்து நிக்கணுமா, அது போதும் எனக்கு என்றாள் புஷ்பம். கோர்ட்டு வாசல் கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி சொன்னாள். நேர்ச்சையெல்லாம் அவளுக்குத் தெரியாது. அக்கா கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேள்வி கேட்டாரு இல்ல நோரா?"

"கேட்டாரு."

"பதில் சரிதானே?"

சரி என்றேன். அவள் கிளாசை அப்படியே என்னிடம் நீட்டி, இதையும் நீயே குடி, நான் வீட்டில் போட்டுக் குடிக்கிறேன் என்றாள்.

பஸ்ஸை விட்டு மயிலாப்பூரிலேயே இறங்கினோம். காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் சூடாகப் பொடி வாங்கினோம். வழியெல்லாம் அவள் பொட்டலத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அங்கியைக்கூடக் கழற்றாமல் மேஜைக்குப் போய் ஃபில்டரிலிருந்த பென்சில்களைக் கொட்டினாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெந்நீரை ஊற்றி மூடிவிட்டு, அது சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். நான் பாலைக் காய்ச்சினேன்.

வாசனை அடுப்படியைத் தாண்டி முன்னறைக்குப் போயிற்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் காப்பி மணந்தது. அங்கே கட்டில் கிறீச்சிட்டது. அப்பா இடது கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அங்கியோடு ஓடிப்போய் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அவர் அவளைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். வாய் கோணியபடி சொல்லைத் தேடியது.

"பாஸா?"

"ஆமாப்பா" என்றாள் அக்கா. "பாஸ்."